கூப்பிடாத விருந்துக்கு ஒரு காக்டெயில்

என் அண்ணி ஸ்போமென்காவுக்கு மன்னிப்புக் கேட்க மட்டும் வராது. மற்றபடி அவள் தொடாத வேலை இல்லை. எங்கள் ஊர் ப்ரோகுப்லியேவில் பழக் குளிர்பதனக் கிடங்கு ஓடிய காலம் முழுக்க அங்கே நின்று புளிச்செர்ரியைத் தரம் பிரித்தவள். ஜூலை மாதத்தில் அவள் நகக்கண் எல்லாம் சிவந்து கிடக்கும். கல்யாண வீட்டுக்குக் கூட அந்தக் கையோடுதான் வருவாள், யாராவது உற்றுப் பார்த்தால் "என்ன, கொலை பண்ணிட்டு வந்தேன்னு நினைச்சியா?" என்று கேட்பாள். கிடங்கை மூடிய பிறகும் கை சும்மா இருக்கவில்லை. செர்ரியும் சர்க்கரையும் போட்ட பெரிய கண்ணாடி ஜாடி கோடை முழுக்க மூன்றாம் மாடி பால்கனியில் வெயில் காயும். சர்க்கரை கரைந்து சாறு இறங்கியதும் ராக்கியா என்கிற பழச் சாராயத்தை ஊற்றி மூடுவாள். இலையுதிர் காலத்தில் வடிகட்டினால் கறுஞ்சிவப்பில் ஒரு மது இறங்கும் பாருங்கள், நல்ல நாள் கெட்ட நாள் எதுவென்றாலும் தெருவே அதைத்தான் கேட்டு வரும்.

அப்படிப்பட்டவள் ஒரு கேக்கை எடுத்து பால்கனியில் வைத்துவிட்டு ஒரு வருஷம் எங்கள் எல்லோருடைய உயிரையும் வாங்கினாள். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் குடும்பத்துப் புனிதர் நிக்கோலா. அவருடைய நாள் டிசம்பரில், கிறிஸ்துமஸ் நோன்புக்கு நட்டநடுவில் வந்து தொலைக்கும். அதனால் எங்கள் ஸ்லாவா, அதாவது புனிதருக்கு வீட்டில் எடுக்கும் விழா, எப்போதும் நோன்பு ஸ்லாவாதான்: மீன் உண்டு, எண்ணெய் உண்டு, மது உண்டு, கறி, பால், வெண்ணெய், முட்டை எதுவும் மேசைக்கு வரக் கூடாது. அப்பா போன பிறகு ஸ்லாவா மூத்தவனான ராதிசாவ் அண்ணன் வீட்டில். இளையவன் ஓப்ராத் ஊரின் மறுகோடியில் தனியாக இருந்தாலும், அன்றைக்கு இங்கேதான் வந்து நிற்பான். பாதிரியார் ஜெபம் சொல்லி ஸ்லாவா ரொட்டியில் சிலுவைபோல் வெட்ட, அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்றி, இரண்டாகப் பிட்டு, அண்ணனும் தம்பியும் முத்தம் கொடுத்துக்கொள்வார்கள். நானோ வேறு வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த பெண், என் புருஷன் வீட்டு ஸ்லாவா மே மாதம். இருந்தாலும் இந்த இரண்டு பேர் கையும் அந்த ரொட்டியில் சேருவதைப் பார்க்கத்தான் நான் வருஷம் தவறாமல் அங்கே போய் உட்காருவேன்.

போன வருஷம் ஓப்ராத்தின் மனைவி வியோலெத்தா தன் கையால் ஒரு சாக்லேட் கேக் செய்து கொண்டுவந்தாள். சிகையலங்காரக் கடை வைத்திருப்பவள், நாள் முழுக்க நின்று வேலை செய்பவள், அடுப்படி அவளுக்கு அவ்வளவாக ஒத்துவராது. அன்றைக்கு என்னவோ ஆசையாகச் செய்திருந்தாள். அண்ணி ஒரு விரலால் ஓரத்தை வழித்து நாக்கில் வைத்தாள்.

"இதுல வெண்ணெய் இருக்கு."

"இல்லக்கா, மார்கரின்தான்..."

"எனக்கா சொல்லித் தர்றே? வெண்ணெய்."

சொல்லிவிட்டு, அத்தனை பேர் பார்க்க, தட்டைத் தூக்கிக்கொண்டு போய் பால்கனியில் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டு வந்தாள். பனி பெய்துகொண்டிருந்தது. மறுநாள் தட்டைக் கேக்கோடு என் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். நனைந்துபோன அந்தக் கேக்கைத் தூக்கிக்கொண்டு ஊர் நடுவில் நடந்தது நான். அன்றிலிருந்து ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஆற்றங்கரைக் காப்பிக் கடையில் சந்தித்துப் பந்தாட்டம் பேசுவார்கள், வானிலை பேசுவார்கள், இதை மட்டும் பேச மாட்டார்கள். ஆண்பிள்ளைகள்! வாயில் என்ன கொழுக்கட்டையா?

இந்த வருஷம் டிசம்பர் பிறந்ததும் சந்தையில் ஒரு சேதி என் காதில் விழுந்தது. ஸ்லாவா ரொட்டி சுட்டுக் கொடுக்கும் அம்மாள் முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "உன் தம்பி வீட்டுக்கும் ரொட்டி சொல்லியிருக்காங்களே, தனியா வெட்டப் போறாங்களா?"

தம்பி தனியாக ரொட்டி வெட்டித் தன் வீட்டிலேயே ஸ்லாவா எடுத்தால் அது தப்பில்லை, அவனுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரே புனிதர், ஒரே நாள். அவன் வீட்டுக்கும் விருந்தாளி வருவார்கள், இவன் வீட்டுக்கும் வருவார்கள். அதற்கப்புறம் அந்த நாளில் அண்ணனும் தம்பியும் ஒரே ரொட்டியைப் பிடிக்க முடியாது, ஒரு மேசையில் உட்காரவே முடியாது. சாகும்வரை முடியாது.

பையோடு நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"வியோலெத்தா ரொட்டி சொல்லியிருக்காளாம் அண்ணி. அவங்க வீட்டுக்கு."

கத்தி நின்றது. "அவளா? நோன்புன்னா என்னன்னு தெரியுமா அவளுக்கு? வெண்ணெய்க் கட்டியைக் கொண்டுவந்து புனிதர் முன்னால வச்சவ..."

"அண்ணி! திரும்பவும் வெண்ணெயா? குடும்பம் ரெண்டாகுது, நீங்க இன்னும் வெண்ணெயிலேயே நிக்கிறீங்களே!"

"வேற எதுல நிக்கச் சொல்றே?"

"போய் ஒரு வார்த்தை, வாங்கன்னு கூப்பிடுங்க."

"ஸ்லாவாவுக்குக் கூப்பிடறதா?" அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு என்ன, காய்ச்சலா? உலகத்துல எவ ஸ்லாவாவுக்குக் கூப்பிட்டா? அதுவும் சொந்தக் கொழுந்தனை? அவன் விருந்தாளியா? அவன் இந்த வீட்டு ஆளு."

கல்யாணத்துக்குக் கூப்பிடுவோம், ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடுவோம். ஸ்லாவாவுக்கு மட்டும் யாரையும் கூப்பிடக் கூடாது. கதவு திறந்திருக்கும், நாள் தெரியும், வருகிறவர்கள் வருவார்கள். கூப்பிட்டால் வீட்டுக்கே அவமானம், தம்பியைக் கூப்பிட்டால் அவனை அந்நியனாக்கிவிட்டோம் என்று அர்த்தம். முறை என்று பார்த்தால் அண்ணி பக்கம்தான் நியாயம். அந்த நியாயம்தான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

உள்ளறையில் அண்ணன் ரத்த அழுத்தக் கருவியைக் கையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லாம் கேட்டிருக்கும். "அண்ணா, நீயாவது பேசேன்" என்றேன்.

"என்ன பேச?" என்றான். கருவியின் பட்டையை இறுக்கிக்கொண்டே, "ரொட்டியை ஒத்தையா எப்படிச் சுத்துறதுன்னு எனக்குத் தெரியாது தோப்ரிலா" என்றான். கருவி கீச்சென்று சத்தம் போட்டது. எவ்வளவு என்று அவன் பார்க்கவில்லை.

அண்ணிக்கு அது கேட்டதா தெரியாது. ஆனால் மறுநாளே எனக்குத் தொலைபேசி. "காக்டெயில்னா என்னென்ன போடணும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? எதுக்கு?"

"வியோலெத்தா எப்பப் பாரு சொல்லுவாளே, இந்த வீட்டு ராக்கியா குடிச்சா தொண்டையில பெயின்ட் உரியுதுன்னு. செர்ரி மட்டும்தான் குடிப்பா. அதுல ஏதாவது புதுசா கலக்கலாம்னு."

"அவளுக்காகவா?"

"யாரு சொன்னா அவளுக்காகன்னு? வர்றவங்களுக்கு. வர்றவங்க வரட்டும்."

இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் தொலைபேசியை வைத்துவிட்டிருப்பாள்.

அதற்குப் பிறகு அந்தச் சமையலறையில் நடந்த கூத்தை நான் என்னவென்று சொல்ல! அண்ணியின் மகள் தெயோதோரா மால்ட்டாவில் ஒரு ஓட்டலில் மது கலக்கும் வேலையில் இருக்கிறாள். தொலைபேசியை ரொட்டிப் பெட்டியில் சாய்த்து வைத்து, மகள் அங்கிருந்து சொல்லச் சொல்ல இவள் இங்கே கலக்குவாள். முதல் முறை செர்ரி மதுவில் சோடாவை ஊற்றி அண்ணனிடம் நீட்டினாள். அவன் குடித்துவிட்டு, "இருமல் இல்லையே எனக்கு" என்றான். அடுத்து புதினா போடச் சொன்னாள் மகள். டிசம்பரில் புதினாவுக்கு எங்கே போக? தேநீருக்கு வைத்திருந்த காய்ந்த புதினாவைக் கொட்டினாள். பல் துலக்கியது போலிருந்தது. குலுக்குவதற்குக் குடுவை இல்லை என்று குடமிளகாய்த் தொக்கு வைத்திருந்த ஜாடியைக் கழுவி எடுத்தாள். எத்தனை கழுவினாலும் தொக்கு வாசனை போகுமா? ஐஸ் இல்லை என்று உறைபெட்டியின் சுவரில் படிந்திருந்ததைத் திருப்புளியால் பெயர்த்துப் போட்டாள். அந்தப் பெட்டிக்குள்ளேதான் ஸ்லாவாவுக்கான மீன் எல்லாம் இருந்தது.

நான் ஒரு வாய் குடித்துவிட்டு அண்ணியைப் பார்த்தேன்.

"என்ன?" என்றாள்.

"மீன் குழம்பு வாசனை."

"நீ எதைத்தான் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கே!" ஜாடியைத் தொட்டிக்குள் டம்மென்று வைத்தாள். "நான் பாட்டுக்கு வடிகட்டி பாட்டில்ல ஊத்தி வச்சிருப்பேன். சனியன், குடையாம், குச்சியாம், நுரையாம்! ஊர்ல எவளும் என் செர்ரியைக் குறை சொன்னதில்லை. இப்ப நானே அதுக்குச் சோடா ஊத்திக் கெடுக்கிறேன், எதுக்கு? யாருக்கு? வரவே போறதில்லை அவ!"

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவள் மேல் கோபம், அவளுக்கு ஜாடி மேல் கோபம்.

கூப்பிடக் கூடாது, ஆனால் சேதி போகக் கூடாது என்று எவரும் சொல்லவில்லையே. நான் முடிக்குச் சாயம் போடுகிற சாக்கில் வியோலெத்தா கடைக்குப் போய் உட்கார்ந்தேன்.

"வாங்க தோப்ரிலாக்கா. என்ன, விசேஷமா?"

"சும்மாதான். ஸ்போமென்கா அண்ணி இந்த வருஷம் செர்ரியில காக்டெயில் கலக்குறாங்க."

தூரிகை என் உச்சந்தலையில் நின்றுவிட்டது. "யாரு, அக்காவா? காக்டெயிலா?"

"நான் வான்னு சொல்லலை."

"நீங்க சொல்லலையே. சொன்னாலும் தப்பாச்சே."

"தப்புதான். அதான் சொல்லலை. குட்டிக் குடை வச்ச குச்சிகூட வாங்கி வச்சிருக்காங்க. இதையும் நான் சொல்லலை."

கண்ணாடியில் அவள் முகம் சிரிக்கப் பார்த்தது, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டது. "அந்த கேக்குக்காக நான் முதல் நாள் கடையைப் பூட்டிட்டுப் போனேன் தெரியுமா? மார்கரின்னு கேட்டுத்தான் வாங்கினேன், கடைக்காரன் மாத்திக் கொடுத்துட்டான், நான் கவனிக்கலை. ஓரமா கூப்பிட்டுச் சொல்லியிருந்தா நானே எடுத்து மறைச்சு வச்சிருப்பேன். பாதிரியார் முன்னால, அத்தனை பேர் முன்னால... எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு."

"நியாயம்தான்மா. நீ சொல்றது நியாயம்தான். ரொட்டி சொல்லியிருக்கியாமே?"

வியோலெத்தா முடி உலர்த்தும் கருவியைப் போட்டாள். "என்ன கேட்டீங்க? சத்தத்துல கேக்கலை."

நான் மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் கேட்கவில்லை. சாயம் வேறு தீப்பிடித்த சிவப்பில் வந்து தொலைந்தது. வீட்டுக்குப் போனால் என் புருஷன் யார் வேண்டும் என்று கேட்கிறார். இந்த இரண்டு பெண்களுக்கு நடுவில் என் தலைதான் உருண்டது.

புனித நிக்கோலா நாள் வந்தது. ஊரில் பாதி வீட்டில் அன்றைக்கு இதே ஸ்லாவாதான், அதனால் பாதிரியார் வீடு வீடாக ஓடிக்கொண்டிருந்தார், எங்கள் முறை வர மத்தியானம் தாண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மேசையில் வறுத்த மீன், மீன் சூப், அவித்த பீன்ஸ், வாதுமைக்கொட்டை வைத்துச் சுற்றிய முட்டைக்கோஸ் இலை, எண்ணெயில் செய்த இனிப்பு. அண்ணி ஒவ்வொரு பொட்டலத்தின் பின்பக்கத்தையும் மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்து, பால்தூள் ஏதும் கலந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கியிருந்தாள். கடையில் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்ன சாபம் விட்டார்களோ. மெழுகுதிரி எரிந்தது. ரொட்டி நடுவில் இருந்தது. அண்ணன் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றான். மணி அடிக்கும்போதெல்லாம் அவன் முகம் மலரும், கதவைத் திறந்ததும் அது ஓப்ராத் இல்லை என்று தெரிந்து சுருங்கும். பார்க்கச் சகிக்கவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணி உள்ளே எதையோ அடித்துக்கொண்டிருந்தாள், கிண்ணத்தில் கரண்டி மோதும் சத்தம் நிற்கவே இல்லை. நான் எட்டிப் பார்த்தால் "போ வெளியே!" என்று கரண்டி பறந்தது.

கடைசியில் வந்தார்கள். ஓப்ராத் முன்னால், வியோலெத்தா பின்னால். வருகிறவர்களுக்கு முதலில் கொடுக்கும் இனிப்புக் கோதுமைத் தட்டை அண்ணன் நீட்டினான். ஓப்ராத் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு, சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு கையிலிருந்த பையைக் கொடுத்தான். காப்பிப் பொட்டலம், சாக்லேட் பெட்டி, ஒரு பாட்டில் ஒயின். விருந்தாளிகள் கொண்டுவருவது அது. சொந்த வீட்டுக்கு வருகிறவன் எதற்குக் காப்பிப் பொட்டலம் கொண்டுவருகிறான்? எனக்குச் சுருக்கென்றது. வந்துவிட்டானே, அது போதும் என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன்.

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. அண்ணி தாம்பாளத்தோடு வந்தாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அத்தனை அழகு. உயரமான கண்ணாடிக் கோப்பைகளில் அடியில் கறுஞ்சிவப்பு, மேலே விரல் தடிமனுக்கு வெள்ளை நுரை, நுரையில் ஒரே ஒரு செர்ரி. மீன் வாசனை இல்லை, தொக்கு வாசனை இல்லை. நேராக வியோலெத்தாவிடம் போய்த் தாம்பாளத்தை நீட்டினாள். வியோலெத்தா எடுத்தாள். குடித்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

"அக்கா, இது நீங்களா பண்ணீங்க?"

ஒரு வருஷம் கழித்து முதல் வார்த்தை. அண்ணி தோளைக் குலுக்கினாள். "வேற யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?" குரல் மட்டும் இளகிப் போயிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பாதிரியார் பனியை உதறிக்கொண்டு வந்தார். "ஒரு வாய் ஃபாதர், குளிருக்கு இதமா இருக்கும், அப்புறம் ஜெபம்" என்று அவர் கையிலும் ஒன்றைத் திணித்தாள் அண்ணி. அவர் ஒரே மூச்சில் பாதியை இறக்கினார். மீசையெல்லாம் வெள்ளை நுரை.

"பிரமாதம் ஸ்போமென்கா!"

"இந்த நுரை எப்படிக்கா நிக்குது? எதுல பண்ணீங்க?" என்று கேட்டாள் வியோலெத்தா.

அண்ணி நிமிர்ந்து நின்றாள். "முட்டை வெள்ளைக்கரு! தெயோதோரா சொல்லிக் கொடுத்தா. கை ஓயிற வரைக்கும் அடிச்சேன்."

பாதிரியார் நுரையை நக்கப் போன நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் தலையில் கை வைத்தேன். ஐயோ அண்ணி! மிட்டாய்க் காகிதத்தைக்கூடத் திருப்பித் திருப்பிப் படித்தவள். ரத்த அழுத்தத்தால் நோன்பு இல்லாத அண்ணனுக்காக வாங்கி வைத்த முட்டையை எடுத்து உடைத்து, பாதிரியாருக்கே ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்! குடிப்பதில் எந்தக் காலத்தில் யார் நோன்பு பார்த்தார்கள்? ராக்கியாவில் என்ன இருக்கிறது பார்ப்பதற்கு? மீனைப் பார்த்தாள், மாவைப் பார்த்தாள், கோப்பையைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணிக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் கழுத்திலிருந்து நெற்றி வரை ரத்தம் ஏறியது.

பாதிரியார்தான் கைக்குட்டையை எடுத்து மீசையைத் துடைத்தார். "வழிப்போக்கனுக்கு நோன்பு தளர்வு உண்டு. நான் காலையிலிருந்து வழியிலேயேதானே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்தார்.

வியோலெத்தா சிரித்தாள் பாருங்கள்! வாயைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண் மை கரையச் சிரித்தாள். ஓப்ராத் சிரித்தான், அண்ணன்கூடச் சிரித்தான். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு தாம்பாளத்தைத் தூக்கி பால்கனிப் பக்கம் திரும்பினாள். வியோலெத்தா ஓடிப்போய்த் தாம்பாளத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பால்கனிக்கு வேணாம்கா. குடுங்க, நான் குடிச்சிடறேன்." சிரிப்பு அடங்கிப்போய் அவள் குரல் என்னவோ போலாகிவிட்டது. "போன வருஷமும் இப்படிச் சிரிச்சிட்டு விட்டிருக்கலாம்லக்கா?"

அண்ணியின் வாய் திறந்தது, மூடியது. சொல்லு, சொல்லித் தொலை என்று மனசுக்குள் கத்தினேன்.

"சிரிச்சிருக்கலாம்" என்றாள் அண்ணி. "சிரிச்சிருக்கணும். எனக்கு அது வரலை வியோலெத்தா."

ஸ்போமென்கா வாயிலிருந்து வந்த வார்த்தை அது! முடிந்தது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கினார். அண்ணன் ரொட்டியை இரண்டு கையாலும் தூக்கினான். ஒரு பக்கத்தை ஓப்ராத் பக்கமாக நீட்டினான்.

ஓப்ராத் வரவில்லை. கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

"வா தம்பி" என்றான் அண்ணன்.

"அண்ணா..." ஓப்ராத் தரையைப் பார்த்தான். "எங்க வீட்டுல காலையிலேயே வெட்டியாச்சு."

பாதிரியார் ஜெபப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காலையில் அங்கே போய் வெட்டியவரே அவர்தானே. நீட்டிய ரொட்டி அண்ணன் கையில் அப்படியே நின்றது. எனக்கு எல்லோரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது: அண்ணியை, வியோலெத்தாவை, வாய் திறக்காத இந்த இரண்டு தடியன்களை. ஒரு வார்த்தை. நேற்றைக்கு வந்திருந்தால் போதும், ஒரே ஒரு வார்த்தை. எதற்கு ஒரு வருஷம்?

அண்ணி கையை இடுப்பில் கட்டிய சமையல் துணியில் துடைத்துக்கொண்டு வந்து, ரொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். "சுத்து" என்றாள் அண்ணனிடம். இருவரும் சுற்றினார்கள்.

சாப்பாட்டுக்குத் தம்பியும் வியோலெத்தாவும் அதிக நேரம் உட்காரவில்லை. சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், கிளம்ப வேண்டும் என்றான் ஓப்ராத். வியோலெத்தா கோட்டை மாட்டிக்கொண்டே அண்ணியின் பக்கம் வந்தாள். "எனக்குத் தெரிஞ்சிருந்தா அக்கா..." என்று ஆரம்பித்தாள், முடிக்கத் தெரியவில்லை.

அண்ணி திரும்பிச் சமையலறைக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள், தட்டு எதையாவது உடைப்பாள் என்று நான் பின்னாலேயே போனேன். அவள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து செர்ரி மதுவை எடுத்து, ஒரு பெரிய பாட்டிலில் கழுத்து வரை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை.

"உன் வீட்டுக்கு இன்னைக்குத்தான் முதல் தடவை ஸ்லாவாவுக்கு ஆள் வருது" என்று வாசலில் அதை வியோலெத்தா கையில் வைத்தாள். "வர்றவங்களுக்கு நல்லதா ஏதாவது குடுக்கணும். எலுமிச்சை பிழி, சோடா ஊத்து. முட்டை போட்டுடாதே, நோன்பு."

வியோலெத்தா பாட்டிலை மார்போடு கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணி அவள் கோட்டின் காலரை இழுத்துச் சரி செய்துவிட்டு, "போ, நேரமாச்சு, விருந்தாளி வந்து பூட்டின கதவைப் பார்க்கக் கூடாது" என்றாள்.

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். பாதிரியாரும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, பனியில் தம்பி போவதைத் தெருமுனை வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாயங்காலம் நான் ஒரு எட்டு அவன் வீட்டுக்குப் போயிட்டு வந்தா என்ன?" என்று கேட்டான்.

"முடியாது ராதிசாவ்" என்றாள் அண்ணி.

"கொஞ்ச நேரம்தான். போய்த் தலையைக் காட்டிட்டு."

"ஸ்லாவா அன்னைக்கு வீட்டுக்காரன் வீட்டை விட்டுப் போவானா? இன்னைக்கு அவன் வந்தது பழக்கத்துல. அடுத்த வருஷம் அவன் வீட்டுக்கும் மத்தியானத்துலேயே ஆள் வர ஆரம்பிச்சிடும், அவனும் அசைய முடியாது." அண்ணி மேசைத் துணியை இழுத்து நேராக்கினாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். அது முன்பே நேராகத்தான் இருந்தது.

வாசல் மணி அடித்தது.

"எந்திரி" என்றாள் அண்ணி. "வீட்டுக்காரன் உக்காந்திருக்கக் கூடாது."

அண்ணன் எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கதவைத் திறக்கப் போனான்.